கூண்டைச் செய்தவர் யார்?

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. பெண் பார்க்கப் போன வீட்டிலும், பிள்ளை தேர்வில் தோற்ற வீட்டிலும், மகள் தன் விருப்பப்படி ஒருவனைத் தேர்ந்துகொண்ட வீட்டிலும் இந்தப் பழமொழி ஒரே வேலையைத்தான் செய்கிறது. தாயை நோக்கி விரலை நீட்டுகிறது. இன்றைக்கு அந்த விரலுக்கு அறிவியல் கையுறை மாட்டிவிட்டிருக்கிறார்கள். ஆக்ஸிடோசின், பிணைப்பு, எபிஜெனிடிக்ஸ் போன்ற சொற்கள் கர்ப்பிணிகளுக்கான கையேடுகளிலும் குழந்தை வளர்ப்புக் காணொளிகளிலும் சர்வ சாதாரணமாகப் புழங்குகின்றன. அவற்றின் சாரம் இவ்வளவுதான்: உன் தொடுதல்தான் உன் குழந்தையின் மூளையை உருவாக்குகிறது, நீ தவறினால் உன் மகளும் நாளை தவறிய தாயாவாள்.

நூலையும் சேலையையும் பற்றிப் பேசுகிறவர்கள் தறியைப் பற்றி ஏன் பேசுவதில்லை? பழமொழியிடம் கேட்காமல் விட்ட இந்தக் கேள்வியை, அறிவியலின் பெயரால் பேசுகிறவர்களிடமும் நாம் கேட்காமல் விட்டுவிடுகிறோம். பாலூட்டிகளின் தாய்மை நடத்தை பற்றி அறுபது, எழுபது ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகளை முழுதாகப் படித்துப் பாருங்கள். அவை தாயின் மீது சுமத்தும் குற்றத்தைவிட அவளுக்கு ஆதரவாகச் சொல்லும் சாட்சியமே அதிகம். அந்தச் சாட்சியத்தைப் பாதியோடு நிறுத்தித்தான் நம்மிடம் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். மீதிப் பாதியை நாம் வாசிப்போம்.

ரத்தத்தில் இருப்பது என்ன?

'தாய்ப்பாசம் ரத்தத்திலேயே ஊறியது' என்பார்கள். இதைச் சொல்லுக்குச் சொல் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோசப் டெர்கல், ஜே ரோசன்பிளாட் இருவரும், அப்போதுதான் குட்டி போட்ட எலியின் ரத்தத்தை ஒருபோதும் சினைப்படாத எலியின் உடலுக்குள் செலுத்தினார்கள். 1972-இல் வெளியான இந்த ஆய்வில், அந்தக் கன்னி எலிகள் ஒரே நாளுக்குள் வேறு எலியின் குட்டிகளைத் தாயைப் போல் கவனிக்கத் தொடங்கின. ஆகவே ரத்தத்தில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது. சினைக்காலத்தின் முடிவில் புரோஜெஸ்டிரோன் சரிகிறது, ஈஸ்ட்ரோஜன் உயர்கிறது, புரோலாக்டினும் ஆக்ஸிடோசினும் கூடச் சேர்கின்றன. மூளையின் அடிப்புறத்தில், ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் உள்ள ஒரு சிறு இடம் இவற்றால் தயாராகிறது. குட்டியின் வாசனைக்கு ஒதுங்கிப் போன விலங்கு இப்போது குட்டியைத் தேடிப் போகிறது.

பெரும்பாலான கட்டுரைகள் இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிடும். ஆனால் அதே ரோசன்பிளாட் 1967-இல் வேறொரு ஆய்வையும் வெளியிட்டிருந்தார். கன்னி எலிகளின் கூண்டில் குட்டிகளைத் தொடர்ந்து விட்டுவைத்தார். அவற்றுக்கு எந்த ஹார்மோனும் தரப்படவில்லை. முதல் சில நாட்கள் எலிகள் பாராமுகமாக இருந்தன. ஏறக்குறைய ஒரு வாரத்தில் நிலைமை மாறியது. குட்டிகளைக் கவ்வி வந்து கூட்டில் சேர்த்தன, நக்கிக் கொடுத்தன, மேலே கவிந்து படுத்து அணைத்துக்கொண்டன. சூலகம் அகற்றப்பட்ட எலிகளும் அப்படித்தான் செய்தன. பிட்யூட்டரி சுரப்பி அகற்றப்பட்ட எலிகளும் செய்தன. ஆண் எலிகளும் செய்தன. விதை நீக்கப்பட்ட ஆண் எலிகளும் செய்தன.

ஹார்மோன் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. ஹார்மோன் அந்தக் கதவைச் சட்டென்று திறக்கிறது. குட்டியோடு ஒரே கூட்டில் கழியும் நாட்கள் அதே கதவை மெதுவாகத் திறக்கின்றன. கதவு எல்லோருக்கும் இருக்கிறது. ஈன்ற எலியிலும் பிரசவ நேரத்து ஹார்மோன் அலை சீக்கிரமே தணிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு தாய்மையைத் தக்கவைப்பது குட்டிகளோடு ஏற்பட்ட பழக்கம்தான். ஒரு வாரம் கூட இருந்ததில் ஆண் எலி பழகிக்கொண்டது என்றால், 'பச்சைக் குழந்தையைத் தூக்க எனக்குப் பயம், நீயே பார்த்துக்கொள்' என்று சொல்லும் ஆண்மகன் எந்த உயிரியலின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியும்?

கம்பித் தாயும் துணித் தாயும்

உளவியல் படித்த எல்லோருக்கும் ஹாரி ஹார்லோவின் குரங்குகளைத் தெரியும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரீசஸ் குரங்குக் குட்டிகளைப் பிறந்த சில மணி நேரத்திலேயே தாயிடமிருந்து பிரித்தெடுத்து, கம்பியால் செய்த ஒரு பொம்மைத் தாயிடமும் மெத்தென்ற துணி சுற்றிய இன்னொரு பொம்மைத் தாயிடமும் விட்டார். பால் புட்டி கம்பித் தாயிடம் இருந்தபோதும் குட்டிகள் துணித் தாயையே கட்டிக்கொண்டு கிடந்தன. அன்பு என்பது வெறும் பால் அல்ல, தொடுதல் என்று 1958-இல் அவர் அமெரிக்க உளவியல் சங்கத்தில் உரையாற்றினார். பாடநூல்கள் அந்தப் படத்தை இன்னும் அச்சிடுகின்றன.

அந்தப் பெண் குட்டிகள் வளர்ந்த பிறகு என்ன நடந்தது என்பதைப் பாடநூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடும். தனிமையில் வளர்ந்த அவற்றுக்கு இணைசேரத் தெரியவில்லை. ஆண் குரங்கை நெருங்கவே விடவில்லை. ஹார்லோ ஒரு சாதனத்தைச் செய்து, பெண் குரங்குகளை அதில் கட்டிவைத்து, ஆண் குரங்குகளை விட்டுச் சினையாக்கினார். அந்தச் சாதனத்துக்கு அவரே வைத்த பெயர் வன்புணர்வுச் சட்டம் என்று பொருள்படும். மரச்சட்டம், இரும்புச்சட்டம் என்கிறோமே, அந்தச் சட்டம். அறிவியல் கூட்டங்களில் அந்தப் பெயரைக் கூச்சமில்லாமல் பயன்படுத்தவும் செய்தார். அப்படிப் பிறந்த குட்டிகளைப் பல தாய்க்குரங்குகள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சில குட்டிகளை அடித்தன; தரையோடு அழுத்தின; சில கொன்றும் போட்டன. 'தாயில்லாத் தாய்கள்' என்று ஆய்வுலகம் அவற்றுக்குப் பெயர் சூட்டியது.

அந்தப் பெயரை நன்றாகக் கவனியுங்கள். அவற்றின் தாய்கள் சாகவில்லை; குட்டியை விட்டுவிட்டு ஓடவுமில்லை. பக்கத்துக் கூண்டில் கதறிக்கொண்டிருந்திருக்கும். பிரித்தவர் ஒருவர், தனிமைக் கூண்டில் அடைத்தவர் ஒருவர், கட்டிவைத்துச் சினையாக்கியவர் ஒருவர். மூவரும் ஒரே ஆள். ஆனால் ஆய்வின் முடிவில் 'போதாத தாய்' என்று பட்டம் வாங்கியது அந்தக் குரங்கு. நீதிமன்றத்தில் இப்படி நடந்தால் என்ன சொல்வோம்?

அதே ஆய்வகத்தின் பத்தாண்டுக் கணக்கு 1976-இல் வெளிவந்தது. வதந்தியைப் போல் பரவியிருக்க வேண்டிய செய்தி அதில் இருக்கிறது. தாயில்லாமல் வளர்ந்தாலும் சின்ன வயதில் தன் வயதுத் துணைகளோடு விளையாடக் கிடைத்த குரங்குகள் பின்னாளில் தாயாகச் சமாளித்துக்கொண்டன. முதல் குட்டியிடம் தோற்றவற்றில் பல, அடுத்த குட்டியை ஒழுங்காக வளர்த்தன. குறிப்பாக, முதல் குட்டியோடு சில நாட்களாவது சேர்ந்திருக்கக் கிடைத்தவை. விரட்டினாலும் அடித்தாலும் விடாமல் திரும்பத் திரும்ப வந்து தாயைப் பற்றிக்கொண்ட அந்த முதல் குட்டிகளே அவற்றுக்குத் தாய்மையைச் சொல்லிக்கொடுத்தன. சிறுவயதில் நேர்ந்த சேதம் உண்மை. அது தலையெழுத்து என்பது மட்டும் பொய்.

நக்கிக் கொடுக்கும் எலிகள்

பசு கன்றை நக்கிக் கொடுப்பதைப் பார்த்தவர்களுக்குக் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் நடந்ததை எளிதாக விளக்கலாம். அங்கே மைக்கேல் மீனியும் அவர் குழுவினரும் 1990-களில் ஒன்றைக் கவனித்தார்கள். பிறந்த முதல் வாரத்தில் சில எலித்தாய்கள் குட்டிகளை நிறைய நக்கிக் கொடுத்தன, சில குறைவாக. நிறைய நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்தபோது அதிர்ச்சிக்கு அவ்வளவாகப் பதறவில்லை. அவற்றுள் பெண் குட்டிகள் தாயானபோது தம் குட்டிகளையும் நிறைய நக்கின. பரம்பரை என்று நினைக்கத் தோன்றும். 1999-இல் வெளியான ஆய்வில் குட்டிகளை மாற்றி வைத்துப் பார்த்தார்கள். குறைவாக நக்கும் தாய்க்குப் பிறந்து, நிறைய நக்கும் தாயிடம் வளர்ந்த பெண் குட்டி, நிறைய நக்கும் தாயாகவே ஆனது. பெற்றவளின் குணத்தைவிட வளர்த்தவளின் நாக்கு வலிமையாக இருந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதை ஃப்ரான்சஸ் ஷாம்பேன் தேடினார். குறைவாக நக்கப்பட்ட பெண் குட்டிகளின் மூளையில், முன்பு சொன்ன அதே சிறு இடத்தில், ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் ஏற்பிக்கான மரபணுவின் மீது மீத்தைல் என்ற வேதிக்குறிகள் கூடுதலாகப் படிந்திருந்தன. 2006-இல் இது வெளியானது. மரபணு அப்படியேதான் இருக்கிறது. அதன் குரல் மட்டும் தாழ்த்தப்படுகிறது. ஏற்பி குறைந்தால், அந்த எலி தாயாகும்போது ஈஸ்ட்ரோஜன் எவ்வளவு ஊறினாலும் மூளையில் அது முழுதாக உறைப்பதில்லை. ஆக்ஸிடோசினுக்கான ஏற்பிகளும் போதுமான அளவு பெருகுவதில்லை. ஹார்மோனையும் வளர்ப்பையும் எதிரெதிராக நிறுத்தி வாதாடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஹார்மோன் சொல்வதைக் கேட்கும் காதைச் செய்துகொடுப்பது சின்ன வயதில் கிடைத்த பராமரிப்பு.

'எல்லாம் அம்மாவின் கையில்' என்ற தலைப்புகள் இந்த இடத்திலிருந்துதான் கிளம்பின. அதே குழு அடுத்தடுத்து வெளியிட்ட இரண்டு ஆய்வுகள் அந்தத் தலைப்புகளுக்குள் வரவில்லை. முதலாவதில், நிறைய நக்கும் தாய் எலிகளைச் சினைக்காலத்தில் அசையவிடாமல் அடைத்துவைத்துத் துன்புறுத்தினார்கள். அவற்றின் நக்குதல் குறைந்தது. எந்தத் துன்பமும் தரப்படாத அடுத்த ஈற்றிலும் குறைவாகவே இருந்தது. இரண்டாவதில், குறைவாக நக்கப்பட்ட குட்டிகளைப் பால் மறந்த பிறகு விசாலமான, துணைகளும் விளையாட்டுப் பொருட்களும் நிறைந்த கூண்டில் வளர்த்தார்கள். அவை நிறைய நக்கும் தாய்களாயின. நிறைய நக்கப்பட்ட குட்டிகளைத் தனிமையில் வளர்த்தார்கள். அவை குறைவாக நக்கும் தாய்களாயின. நல்ல தாயைக் கெட்ட தாயாக்கவும் முடிகிறது, திருப்பவும் முடிகிறது. இரண்டையும் செய்தது கூண்டின் அளவும் துணையும்.

இன்னொரு திருத்தமும் வேண்டும். குறைவாக நக்குவது 'கெட்ட தாய்மை'தானா? குறைவாக நக்கப்பட்டு வளர்ந்த எலிகள், அச்சத்தோடு சேர்த்துக் கற்க வேண்டிய சோதனைகளில் மற்றவற்றை முந்தின. ஆபத்தான இடத்தில் பிறந்த குட்டிக்கு அந்த எச்சரிக்கை உணர்வு உயிர்காக்கும். தாய் எலி தன் சூழலின் செய்தியைத்தான் குட்டியிடம் சேர்க்கிறது. கடிதத்தில் கெட்ட செய்தி இருக்கிறது என்று தபால்காரரை உதைப்பதில் என்ன நியாயம்?

கூட்டில் குறைத்த துணி

எனக்கு மிக முக்கியமாகப் படும் ஆய்வு கலிஃபோர்னியாவின் இர்வைனில் தாலி பாரம் குழுவினர் செய்தது. அடிப்பதோ, தாயைப் பிரிப்பதோ, பட்டினி போடுவதோ அதில் இல்லை. குட்டி போட்ட எலியின் கூண்டில் கூடு கட்டப் போடும் பொருளைக் குறைத்தார்கள். அவ்வளவுதான். வழக்கமாகத் தாராளமாகக் கிடைக்கும் படுக்கைப் பொருளுக்குப் பதிலாகக் கொஞ்சமே கொஞ்சம். தீவனம் முன்போலவே கிடைத்தது, தண்ணீரும் கிடைத்தது.

தாய் எலியின் நடத்தை சிதறிப்போனது. கூட்டுக்கும் வெளிக்கும் அலைந்தது. நக்கத் தொடங்கி, பாதியில் விட்டு, வேறெங்கோ போய், மறுபடி வந்தது. குட்டிகளோடு செலவழித்த மொத்த நேரம் அவ்வளவாகக் குறையவில்லை. ஆனால் அது துண்டு துண்டாக, எப்போது வரும் என்று குட்டிக்குத் தெரியாதபடி ஆனது. குட்டிகளின் உடலில் அழுத்தத்துக்கான ஹார்மோன் ஏறியது. பின்னாளில் அவற்றின் நினைவாற்றலும் பாதிக்கப்பட்டது.

எந்த எலிக்குத் துணி குறைப்பது என்பதைக் குலுக்கல் முறையில்தான் முடிவு செய்கிறார்கள். அதாவது, தாய்களுக்குள் குணபேதம் இல்லை. அந்தக் கூண்டில் மாறிய ஒரே ஒரு பொருள் கூடு கட்டும் துணி. எலி பெண் அல்ல. எலியின் ஒரு வாரத்தை நம் குழந்தைப் பருவத்தின் மேல் அப்படியே தூக்கி வைத்துவிட முடியாது. ஆனால் எலியைக் காட்டி நம்மைக் குற்றம்சாட்டுகிறவர்களிடம், அதே எலியைக் காட்டிப் பதில் சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஓர் அறை வீட்டில் ஆறு பேருக்கு நடுவே, தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடத்தோடு ஓடி, குழந்தை அழக் கேட்டு ஓடிவந்து, பால் கொடுக்க உட்கார்ந்தவுடன் அடுப்பில் உலை பொங்க எழுந்து போகிறவளை நமக்குத் தெரியும். அவளுக்குப் பாசம் இருக்கிறது. கூட்டில் துணிதான் போதவில்லை.

பழிக்கு ஒரு பரம்பரை

பழி ஒரே துறையில் நின்றதில்லை. ஜான் போல்பி 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை, தாயின் இடையறாத அன்பு குழந்தையின் மனநலத்துக்கு அவசியம் என்றது. தாய்மார்கள் வேலைக்குப் போவதற்கு எதிராக அது எங்கெங்கும் கையாளப்பட்டது. குழந்தைகள் மீது அக்கறையுள்ள சமூகம் முதலில் பெற்றோரைப் பேண வேண்டும் என்று அதே அறிக்கை சொன்னதை எடுத்துப் பேசியவர்கள் மிகக் குறைவு. 1967-இல் புருனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல், ஆட்டிசத்துக்குக் காரணம் தாயின் குளிர்ந்த மனம் என்று வாதாடியது. குளிர்பதனப் பெட்டித் தாய் என்ற வசை ஒரு தலைமுறைப் பெண்களைக் குற்றவுணர்வில் தள்ளியது. பின்னர் அந்தக் கோட்பாடு குப்பைக்குப் போனது. அந்தப் பெண்களிடம் யார் மன்னிப்புக் கேட்டார்கள்? 2014-இல் சாரா ரிச்சர்ட்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஓர் எச்சரிக்கை எழுதினார்கள். எபிஜெனிடிக்ஸ் ஆய்வுகளை மிகைப்படுத்தித் தாய்மார்கள் மேல் பழி போடாதீர்கள் என்பதே அதன் சாரம். ஆய்வுலகத்துக்குள்ளிருந்தே அப்படி எழுத வேண்டியிருந்தது என்றால், பழைய பழி புதிய சொற்களில் திரும்பிவிட்டது என்றுதான் பொருள்.

நம் பக்கத்துத் தயக்கம்

பெண்ணியம் பேசுகிற நம்மிடமும் ஒரு தயக்கம் இருக்கிறது. ஹார்மோன் என்ற சொல்லைக் கேட்டாலே அது நம்மை அடுப்பங்கரைக்குத் திருப்பி அனுப்பும் ஆணை என்று பதறுகிறோம். தாய்மை முழுக்க முழுக்கக் கற்பிதம் என்று சொல்லிவிட்டு உடலை எதிரியின் கையில் விட்டுவிடுகிறோம். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. உடலைக் காட்டித்தான் நம்மைக் காலங்காலமாகப் பூட்டினார்கள். என்றாலும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. நான் மேலே சொன்ன ஆய்வுகளில் எதுவும் கருப்பை உள்ளவள்தான் தாய் என்று சொல்லவில்லை. அக்கறை என்பது சூழலும் துணையும் காலமும் சேர்ந்து உடலில் உண்டாக்கும் திறன் என்று சொல்கின்றன. இதைவிட நமக்குச் சாதகமான உயிரியல் வேறென்ன வேண்டும்?

ஆண் உடலும் இதற்கு விலக்கல்ல. குட்டிகளைச் சுமக்கும் ஆண் மார்மோசெட் குரங்குகளின் ரத்தத்தில் புரோலாக்டின் உயர்வதை 1982-இலேயே கண்டிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸின் செபூவில் 624 ஆண்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011-இல் வெளியானது. தந்தையானவர்களின் டெஸ்டோஸ்டிரோன் நன்றாகக் குறைந்திருந்தது. நாளுக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைக் கவனித்தவர்களுக்கு இன்னும் குறைவாக இருந்தது. இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தாயில்லாமல் குழந்தையை வளர்க்கும் தன்பால் ஈர்ப்புத் தந்தையரின் மூளை, குழந்தையைக் காணும்போது தாய்மாரின் மூளையைப் போலவே விழித்துக்கொண்டது. வேலையைச் செய்கிறவரின் உடல் அந்த வேலைக்கு ஏற்ப மாறுகிறது.

தாயைத் தாங்குவது யார்?

மானுடவியலாளர் சாரா ஹர்டி, 1970-களில் ராஜஸ்தானின் அபு மலையில் அனுமன் குரங்குகளை ஆராய்ந்தவர். அந்தக் கூட்டத்தில் பிறந்த குட்டியை மற்ற பெண் குரங்குகள் வாங்கி வைத்துக்கொள்ளும். தாய் போய் மேய்ந்துவிட்டு வரும். மனித இனம் தழைத்ததே இப்படிப் பலர் கைமாற்றி வளர்த்ததால்தான் என்பது ஹர்டியின் வாதம். தகப்பனும் மூத்த பிள்ளைகளும் குட்டிகளைச் சுமக்கும் டாமரின் குரங்குகளில், உதவிக்கு ஆளில்லாத தாய் தன் குட்டியைக் கைவிடுவது அதிகம். தனியாக வளர்க்க விடப்பட்ட தாயை இயற்கை புனிதமாக்குவதில்லை. அவளைத் தோற்கவிடுகிறது.

நம் ஊருக்கும் இது தெரியாத சேதியல்ல. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு, பத்தியச் சோறு, மேலுக்கு வெந்நீர், பச்சை உடம்புக்காரி என்ற தனிக் கவனிப்பு எல்லாம் தாயைத் தாங்குவதற்காக உண்டானவைதான். ஆனால் அந்தத் தாங்கலைச் செய்வது கூலியில்லாத இன்னொரு பெண். அவளுக்கு முதுகு வலித்தால் கேட்க ஆளில்லை. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீடு திரும்பியதும் தாங்கல் முடிந்துவிடும். இரண்டாம் பிரசவத்துக்கு அதுவும் பாதி.

அரசு என்ன செய்கிறது? 2017-இல் செய்த சட்டத் திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. தமிழ்நாட்டு அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கு 2021 முதல் 12 மாதம். வரவேற்போம். ஆனால் வீட்டு வேலை செய்கிறவளுக்கும், சித்தாளுக்கும், களை பறிக்கிறவளுக்கும் இந்த நாட்கள் கைக்கு எட்டுவதில்லை. விடுப்புக்கால ஊதியம் முழுவதையும் முதலாளி தலையில் வைத்ததால், கல்யாண வயதுப் பெண் என்றாலே வேலை தரத் தயங்குகிறார்கள். மத்திய அரசு ஊழியரான ஆணுக்கு 15 நாள். தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தகப்பனுக்கு நாடு தழுவிய சட்டம் ஒரு நாளைக்கூடத் தரவில்லை. ரோசன்பிளாட்டின் ஆண் எலிக்குக் கிடைத்த ஒரு வாரம்கூட அவனுக்கு இல்லை. அவனும் அதைக் கேட்டுப் போராடவில்லை.

ஆகவே, முதல் ஆண்டுகள்தான் முக்கியம் என்று சொல்கிறவர்களிடம் நாம் சண்டை போட வேண்டாம். ஆமாம், முக்கியம்தான் என்போம். அப்படியென்றால் அமைப்புசாராத் தொழிலாளிக்கும் ஊதியத்தோடு விடுப்பு கொடுங்கள், அதன் செலவை அரசு ஏற்கட்டும். தகப்பனுக்கும் விடுப்பு கொடுங்கள், அதை அவன் குழந்தையோடு கழிக்கட்டும். கட்டட வேலை நடக்கும் இடத்திலும் காப்பகம் வையுங்கள். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு மரியாதையான சம்பளம் கொடுங்கள். பிரசவித்தவளுக்கு வரும் மனச்சோர்வைப் பேயென்றும் திமிரென்றும் சொல்லாமல் நோயென்று பார்த்து மருந்து கொடுங்கள். பிள்ளை வேண்டாம் என்கிறவளை விட்டுவிடுங்கள்.

இதில் ஒன்றையும் செய்யாமல், 'அம்மா, குழந்தையைக் கட்டியணையுங்கள், ஆக்ஸிடோசின் சுரக்கும்' என்று அறிவுரை சொல்ல வருகிறவரைக் கேளுங்கள்: கூட்டிலிருந்த துணியை எடுத்தது யார்?